பிளஸ் டூ முடிக்கும் மாற்றுத்திறனாளி மாணவர்கள்: சலுகைகள் கல்லூரிக்கும் வேலைக்கும் தானாகத் தொடருமா?

2024 ஜூலை 9: கேள்வி

மகள் பிளஸ் டூ, காமர்ஸ் குரூப், தமிழ் வழி. ஊர் தென்காசி மாவட்டம். குறைபார்வை, சான்றிதழில் 50 சதவீதம் என்று இருக்கிறது. பத்தாம் வகுப்பிலிருந்து சொல்வதை எழுதுபவர் வைத்துத்தான் பரீட்சை எழுதுகிறாள். பள்ளியில் கேட்டால், "ரிசல்ட் வரட்டும்மா, அஞ்சு சதவீதம் ஒதுக்கீடு இருக்கு, சீட் தானா வந்துரும், சலுகையெல்லாம் அப்படியே தொடரும்" என்கிறார்கள். அவ்வளவுதானா? இப்போதே செய்ய வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

2024 ஜூலை 10

ஒதுக்கீடு இருப்பது உண்மை அக்கா. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 32. அரசுக் கல்லூரி, அரசு உதவி பெறும் கல்லூரி இரண்டிலும் 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்புள்ளவர்களுக்கு 5 சதவீதத்துக்குக் குறையாமல் இடம் தர வேண்டும். சேர்க்கை வயது வரம்பிலும் 5 ஆண்டு தளர்வு உண்டு.

"தானா வந்துரும்" என்பது மட்டும் சரியில்லை. உங்கள் மகளுக்கு எழுதுபவரை அனுமதித்தது அரசுத் தேர்வுகள் இயக்ககம். அந்த உத்தரவு அந்தப் பொதுத்தேர்வோடு முடிந்துவிடும். கல்லூரி செமஸ்டருக்குப் பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் தனியாக அனுமதி தர வேண்டும். வங்கித் தேர்வுக்கு ஐ.பி.பி.எஸ்., அரசு வேலைக்கு டி.என்.பி.எஸ்.சி., நுழைவுத் தேர்வுக்கு என்.டி.ஏ. என்று ஒவ்வொருவரும் தனித்தனி. ஒருவர் கொடுத்தது அடுத்தவருக்குத் தெரியாது. ஒவ்வொரு வாசலிலும் புதிதாகக் கேட்க வேண்டும், அதுவும் கடைசித் தேதிக்கு முன்னால்.

அதனால் இந்த மாதமே ஒரு ஃபைல் போடுங்கள். யு.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை), சான்றிதழ், பத்தாம் வகுப்பில் எழுதுபவர் அனுமதித்த உத்தரவின் நகல், கண் மருத்துவரின் சமீபத்திய அறிக்கை. அந்தப் பழைய உத்தரவு பல பள்ளிகளில் அலுவலகத்திலேயே தங்கிவிடும். மகள் படித்துக்கொண்டிருக்கும்போதே நகல் வாங்கிவிடுங்கள். டி.சி. வாங்கிய பிறகு போய்க் கேட்டால் தேடித் தர ஆள் இருக்காது.

2024 ஜூலை 10, இரவு

விட்டுப்போன ஒன்று. யு.டி.ஐ.டி., ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், வங்கிப் புத்தகம் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரைப் பாருங்கள். நம் ஊரில் சிக்கலே இனிஷியல்தான். ஒன்றில் இனிஷியல் முன்னால், ஒன்றில் பின்னால், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக. ஆன்லைன் சரிபார்ப்பு இங்கேதான் நின்றுவிடும். மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்து மற்ற மூன்றையும் அதற்கு மாற்றுங்கள். பிறந்த தேதியும் அப்படியே.

பிறகு சான்றிதழில் "நிரந்தரம்" என்று இருக்கிறதா, "தற்காலிகம்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். தற்காலிகம் என்றால் மறுமதிப்பீட்டு ஆண்டு எழுதியிருக்கும். அது 2025 என்றால் அடுத்த மே வரை காத்திருக்காதீர்கள். 2021 ஜூன் 1 முதல் விண்ணப்பமே யு.டி.ஐ.டி. தளம் வழியாகத்தான். மருத்துவக் குழு கூடும் நாள் மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. கல்லூரி விண்ணப்பம் திறந்த பிறகு அந்த வரிசையில் போய் நின்றால் நேரம் போதாது.

2024 ஜூலை 14

"என் தம்பிக்கு ஒரு கண் முழுதாகத் தெரியாது, இன்னொரு கண் நன்றாக இருக்கிறது, 5 சதவீதம் கிடைக்குமா" என்று கேட்டவருக்கு: கிடைக்காது தம்பி. 2018இல் வந்த மதிப்பீட்டு வழிகாட்டுதலின்படி அதற்கு 30 சதவீதம்தான். ஒதுக்கீட்டுக்கு 40 வேண்டும். சதவீதத்தை ஏற்றித் தருகிறேன் என்று வரும் தரகரிடம் போகாதீர்கள். கலந்தாய்வில் மருத்துவக் குழு மறுபடி பார்த்துக் குறைத்துவிட்டால் சீட்டும் போகும், வழக்கும் வரும்.

ஆனால் ஒதுக்கீடு வேறு, தேர்வறை வசதி வேறு. 40க்குக் கீழே இருந்து எழுதுவதில் சிரமம் உள்ளவர்களுக்கு எழுதுபவரும் கூடுதல் நேரமும் தர மத்திய அரசு 2022 ஆகஸ்டில் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின் விளைவு அது. அதற்கு அரசு மருத்துவரின் சான்று தேவை. தம்பிக்கு எழுதுவதில் உண்மையிலேயே சிரமம் இருந்தால் அதைப் படித்துப் பாருங்கள்.

2024 ஆகஸ்ட் 3

கணக்குப்பதிவியலை எழுதுபவர் வைத்து எழுதுவது எப்படி என்று அக்கா கேட்டிருக்கிறார். இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் மதிப்பெண்ணை விடும் இடம் இது.

எழுத வருபவர் பெரும்பாலும் வேறு பாட ஆசிரியராக இருப்பார். அவருக்குக் குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரிந்தாலும் சொல்லித் தரக் கூடாது. ஆகவே சொல்கிறவர்தான் தாளின் வடிவத்தையும் வாயால் வரைய வேண்டும். கூட்டாளி சேர்ப்புக் கணக்கில் மறுமதிப்பீட்டுக் கணக்கு, முதல் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு என்று மூன்று வரும். விடையை யோசித்துக்கொண்டே சொன்னால் பற்றுப் பக்கத்தில் வர வேண்டியது வரவில் போய் உட்காரும். இந்த வரிசையில் பழக்குங்கள்:

முதலில் தலைப்பு. அடுத்து எத்தனை பத்தி, ஒவ்வொன்றின் பெயர், கோடு போடும் இடம். பிறகு பற்றுப் பக்கம் மேலிருந்து கீழ்வரை முழுதாக. அது முடிந்தபின் வரவுப் பக்கம். இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லக் கூடாது. தொகையை இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும்: "ஒன்று, இரண்டு, ஐந்து, சைபர், சைபர், சைபர்." "ஒன்றே கால் லட்சம்" என்றால் எழுதுகிறவர் ஒரு சைபரை விட்டுவிடுவார். ஐந்து வரிக்கு ஒருமுறை திரும்பப் படிக்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் ஐந்தாறு வரி காலியாக விடச் சொன்னால், பின்னால் நினைவுக்கு வரும் சரிக்கட்டலுக்கு இடம் இருக்கும். ரஃப் வேலைக்குத் தடித்த கறுப்பு ஸ்கெட்ச் பேனாவை மகளே வைத்துக்கொள்ளலாமா என்று தேர்வு மையத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். குறைபார்வை உள்ளவர்களுக்கு அது பெரிய உதவி.

நேரம். மூன்று மணி நேரத்தோடு ஒரு மணி கூடுதல், ஆக 240 நிமிடம். 90 மதிப்பெண் தாளில் ஒரு மதிப்பெண் வினா இருபதுக்கும் 25 நிமிடம், இரண்டு மதிப்பெண் ஏழுக்கு 35, மூன்று மதிப்பெண் ஏழுக்கு 55, ஐந்து மதிப்பெண் ஏழுக்கு 105. மிச்சம் 20 நிமிடம் திரும்பப் படிக்க. வினாத்தாள் படிக்கத் தரும் பத்து நிமிடத்தில் எழுதுபவர் ஐந்து மதிப்பெண் வினாக்களை முதலில் வாசிக்கட்டும். எதை எடுப்பது, எதை விடுவது என்பதை அங்கேயே முடிவு செய்துவிடலாம்.

பழக்கம் அக்காவோடு மட்டும் வேண்டாம். அம்மாவுக்கு மகள் பாதி சொன்னாலே மீதி புரிந்துவிடும். காமர்ஸ் தெரியாத பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரை உட்கார வைத்து மூன்று முழுத் தேர்வாவது எழுதட்டும்.

2024 ஆகஸ்ட் 4

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு "போட்டித் தேர்விலும் இதே விதியா" என்று கேட்டிருக்கிறார்கள். மத்திய அரசின் 2018 ஆகஸ்ட் 29 வழிகாட்டுதலில் (2025 ஆகஸ்டில் புதியது வரும் வரை இருந்தது) ஒரு நுணுக்கம் உண்டு. முழுப் பார்வையிழப்பு, இரு கைகளும் பாதிப்பு, மூளை முடக்குவாதம் ஆகிய மூன்று பிரிவினர் கேட்டாலே எழுதுபவர் உண்டு. மற்றவர்கள், அதாவது குறைபார்வை உட்பட, "இவருக்கு எழுதுவதில் உடல்ரீதியான தடை உள்ளது, எழுதுபவர் அவசியம்" என்று அரசு மருத்துவமனைத் தலைமை மருத்துவர் கையெழுத்திட்ட தனிச் சான்றைத் தர வேண்டும். அதன் படிவம் வழிகாட்டுதலின் பின்னிணைப்பிலேயே இருக்கிறது. யு.டி.ஐ.டி. அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்த் தேர்வறை வாசலில் நின்றுவிடும் குறைபார்வைப் பிள்ளைகள் நிறைய.

சொந்த எழுதுபவரை அழைத்துப்போனால் அந்த 2018 வழிகாட்டுதலின்படி அவர் படிப்பு தேர்வரின் படிப்பைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும். டிகிரி படிப்பவருக்கு பிளஸ் டூ முடித்தவர். கூடுதல் நேரம் மணிக்கு 20 நிமிடம். எழுதுபவர் வேண்டாம், நானே எழுதுகிறேன் என்றாலும் அந்த 20 நிமிடம் உண்டு.

2024 செப்டம்பர் 15

கல்லூரிப் பாடத்தை எப்படிப் படிப்பது என்பதற்கு. பள்ளியில் பக்கத்தில் அமர்ந்து வாசிக்க ஆள் இருக்கும். கல்லூரியில் வாட்ஸாப்பில் ஒரு பி.டி.எஃப். வரும், அவ்வளவுதான்.

தமிழ் வழி மாணவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. பி.டி.எஃப்.பில் ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸாப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோடு, திரைவாசிப்பான் (திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் செயலி) படிக்கும். ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குழம்பி வந்தால் பழைய எழுத்துருக் குறியாக்கம். போனில் உள்ள டாக்பேக்கோ கணினியில் உள்ள என்.வி.டி.ஏ.வோ, எந்தத் திரைவாசிப்பானும் அதை அர்த்தமில்லாமல் உளறும். "செயலி சரியில்லை" என்று பலர் கைவிடுவது இதனால்தான், செயலியில் குறையில்லை. அந்தக் கோப்பைப் பத்துப் பத்துப் பக்கமாகப் பிரித்துப் படமாக மாற்றி, கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் எழுத்துணரி தமிழை நன்றாகவே எடுத்துவிடும். அட்டவணைகள் மட்டும் சிதறும். அவற்றை ஒருவர் கையால் தட்டச்சு செய்ய வேண்டும்.

மடிக்கணினியில் விண்டோஸ் விசையோடு கூட்டல் குறியை அழுத்தினால் உருப்பெருக்கி வரும். என்.வி.டி.ஏ. இலவசம், தமிழ்க் குரலும் அதோடே வருகிறது, இயந்திரக் குரல்தான். போனில் உள்ள கூகுள் குரல் கேட்க இன்னும் நன்றாக இருக்கும். தமிழ்99 விசைப்பலகையை இப்போதிருந்தே தினம் அரை மணி பழகட்டும். கல்லூரி அசைன்மென்ட்டை அவளே தட்டச்சு செய்ய முடிந்தால் பாதிச் சார்பு குறையும்.

2024 அக்டோபர் 20

நீட் எழுதப்போகும் மகனுக்காகக் கேட்ட அண்ணனுக்கு. இந்த மாதம் 15ஆம் தேதி ஓம்கார் கோண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் முக்கியமான ஒன்றைச் சொல்லியிருக்கிறது. சதவீதம் இத்தனை என்பதற்காக மட்டும் எம்.பி.பி.எஸ். சேர்க்கையை மறுக்கக் கூடாது. அந்த மாணவரால் படிப்பைத் தொடர முடியுமா என்று குழு பார்த்து, முடியாது என்றால் காரணத்தை எழுத வேண்டும். குழு "தகுதியில்லை" என்று ஒரே வரியில் முடித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக்கு அந்தத் தாள்தான் ஆதாரம்.

யு.டி.ஐ.டி. விதிகளும் இந்த மாதம் திருத்தப்பட்டிருக்கின்றன. அட்டையில் 40க்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80க்குக் கீழ் வரை மஞ்சள், 80உம் அதற்கு மேலும் நீலம்.

2024 நவம்பர் 17

சக்கர நாற்காலி பயன்படுத்தும் பெண்ணுக்குக் கல்லூரி தேடுகிறவருக்கு. இணையதளத்தில் "சாய்தளம் உண்டு" என்று போட்டிருப்பதை நம்பிச் சேர்க்காதீர்கள். இன்ச் டேப்போடு நேரில் போங்கள். 15 செ.மீ. உயரப் படிக்குச் சாய்தளம் குறைந்தது 180 செ.மீ. நீளம் இருக்க வேண்டும், 1க்கு 12 கணக்கு. அதைவிடக் குட்டையாக இருந்தால் அவளால் தனியாக ஏற முடியாது, இறங்கும்போது முன்னால் கவிழும். கதவு திறந்தபின் கிடைக்கும் இடைவெளி 90 செ.மீ. கழிப்பறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா, உள்ளே நாற்காலியைத் திருப்ப இடம் இருக்கிறதா, அந்தக் கழிப்பறை பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்றும் கேளுங்கள். பூட்டு போட்டுச் சாவி தொலைந்த கழிப்பறை இருந்தும் இல்லாததுதான்.

வகுப்பு மாடியில் என்றால் லிஃப்ட் கட்டும் வரை காத்திருக்க வேண்டாம். அந்த வகுப்பையே தரைத்தளத்துக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். கால அட்டவணை போடுவதற்கு முன் கேட்டால் ஒரு செலவும் இல்லாமல் நடக்கும். லேப், நூலகம், தேர்வறை மூன்றும் எங்கே என்று தனியாகப் பாருங்கள். வகுப்பைக் கீழே போட்டுவிட்டுத் தேர்வை இரண்டாம் மாடியில் வைப்பதும் நடக்கிறது.

2025 ஜனவரி 12

செவித்திறன் குறைந்த பையனுக்கு. சென்னையில் மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைந்தோருக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. நடக்கிறது, சைகை மொழியில் பாடம். அடையாறில் செயின்ட் லூயிஸ் கல்லூரியும் உண்டு. சைகை மொழியில் வளர்ந்த பிள்ளை என்றால் ஊர்ப் பக்கத்துக் கல்லூரியைவிட இது நல்லது என்பது என் கருத்து. மொழிபெயர்ப்பாளர் இல்லாத வகுப்பில் மூன்று வருடம் உட்கார்ந்து நோட்டைப் பார்த்து எழுதுவதைப் படிப்பு என்று சொல்ல முடியாது.

காது கருவியோடு பேச்சைக் கேட்டு வளர்ந்த பையன் என்றால் கதை வேறு. சாதாரணக் கல்லூரி போதும். போனில் லைவ் டிரான்ஸ்க்ரைப் தமிழைப் பேசப் பேச எழுத்தாக்கும். ஆனால் கடைசி பெஞ்சில் போனை வைத்தால் மின்விசிறிச் சத்தத்தைத்தான் பிடிக்கும். போனை ஆசிரியர் மேசையில் வைக்க வேண்டும், அல்லது அவர் சட்டையில் ஒரு காலர் மைக். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசும் ஆசிரியரிடம் முகத்தைத் திருப்பிப் பேசச் சொல்லிக் கேட்பதும் மாணவனின் வேலைதான். அவனே கேட்கட்டும்.

2025 பிப்ரவரி 6

ஜூலை 14 குறிப்பு நினைவிருக்கிறதா? 40 சதவீதக் கோடு பற்றியது. மூன்று நாளுக்கு முன் குல்ஷன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், தேர்வறை வசதிகளை 40 சதவீதத்துக்கு மேல் உள்ளவர்களுக்கு மட்டும் என்று நிறுத்திவைக்காமல் எல்லா மாற்றுத்திறனாளிகளுக்கும் விரிவாக்கச் சொல்லியிருக்கிறது. ஒதுக்கீட்டுக் கோடு அப்படியேதான். ஒற்றைக்கண் தம்பி இந்தத் தீர்ப்பின் நகலையும் விண்ணப்பத்தோடு இணைக்கலாம்.

2025 மார்ச் 2

கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளின் பெற்றோர் இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்: "பள்ளியில் மொழிப்பாட விலக்கு வாங்கினோம், பிற்பாடு பாதிக்குமா?"

விலக்கு தவறில்லை, சட்டமே அனுமதிக்கிறது. எடுப்பதற்கு முன் பையன் சேர விரும்பும் படிப்பின் விண்ணப்பத்தை ஒருமுறை பாருங்கள். இரு மொழிப்பாட மதிப்பெண்ணையும் நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாத படிவமாக இருந்தால், உதவி மையத்துக்கு நேரில் போய் விலக்கு உத்தரவைக் காட்டித்தான் பதிவு செய்ய வேண்டியிருக்கும். அதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். கூடுதல் நேரம் மட்டுமே போதும் என்ற நிலையில் இருக்கும் பிள்ளைக்கு விலக்கு வாங்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் சிறு வயதில் எடுத்தது என்றால் 18 வயதில் மறுமதிப்பீடு வரும். பிளஸ் டூ ரிசல்ட், கல்லூரி விண்ணப்பம், மறுமதிப்பீடு மூன்றும் ஒரே கோடையில் மோதும். 17 வயதிலேயே எந்த மருத்துவமனையில், எந்த நாளில் பரிசோதனை என்று விசாரித்து வையுங்கள்.

18 வயது என்றதும் இன்னொன்று. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழு சட்டப் பாதுகாவலரை நியமிக்கும். வங்கியில் யாரோ சொன்னார்கள் என்று எல்லோரும் இதற்கு ஓட வேண்டாம். மூளை முடக்குவாதம் உள்ள பல பிள்ளைகளுக்குக் கையெழுத்துத்தான் சிரமம், முடிவெடுப்பது அல்ல. அவர்களுக்குக் கைரேகையோ கூட்டுக் கணக்கோ போதும்.

2025 மே 8

இன்று ரிசல்ட். அக்காவின் மகள் தேறிவிட்டாள் என்று எழுதியிருக்கிறார். மனம் நிறைந்த வாழ்த்து!

இனி வேகமாக. அரசுக் கலைக் கல்லூரி ஆன்லைன் விண்ணப்பத்தில் சிறப்புப் பிரிவு என்ற இடத்தில் மாற்றுத்திறனாளி என்பதைக் குறிக்காமல் விட்டால் 5 சதவீதம் கிடையாது. சமர்ப்பிக்கும் முன் பி.டி.எஃப்.பை இறக்கி அந்த ஒரு வரியைப் பாருங்கள். சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே நடக்கும். "பொதுப் பட்டியல் வந்ததும் போகலாம்" என்று இருந்தால் அந்த நாள் கடந்துவிடும். பொறியியலுக்கும் இதே முறை, பதிவு நேற்றே தொடங்கிவிட்டது. கலந்தாய்வுக்கு அசல் சான்றிதழ் வேண்டும், லேமினேட் செய்யாமல் இருந்தால் நல்லது.

பள்ளியிலேயே வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைச் செய்துவிடுங்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், விட்டால் பதிவு மூப்பு போகும்.

2025 மே 21

உதவித்தொகை கேட்டவர்களுக்கு. ஏ.ஐ.சி.டி.இ.யின் (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) சக்ஷம், ஆண்டுக்கு 50,000 ரூபாய், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள். ஆனால் ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொழில்நுட்ப டிகிரியோ டிப்ளமோவோ படிக்க வேண்டும். கலைக் கல்லூரி பி.காம்.க்கு அது கிடையாது. அதற்கு மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக், வருமான வரம்பு 2.5 லட்சம், தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பம். பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களுக்கு மாநில அரசின் வாசிப்பாளர் உதவித்தொகை பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். கல்லூரியிலிருந்து போனஃபைடு வாங்கிப் போனால் பஸ் பாஸ் வேலையையும் அங்கேயே முடித்துவிடலாம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பாஸ் இல்லாமலே இலவசம்.

பணம் வராமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். கணக்கில் ஆதார் "இணைப்பு" இருக்கும், மானியம் பெறும் கணக்காகப் பதிவாகியிருக்காது. உதவித்தொகை கடைசியாக அப்படிப் பதிவான கணக்குக்குப் போகும். வங்கியில் "டி.பி.டி.க்கு (அரசுப் பணம் நேரடியாகக் கணக்கில் வருவதற்கு) எந்தக் கணக்கு பதிவாகியிருக்கிறது" என்று குறிப்பாகக் கேளுங்கள்.

2025 ஜூன் 8

வேலை பற்றிக் கேட்டவர்களுக்கு. அரசு வேலையில் 4 சதவீதம், நான்கு பிரிவுக்கும் ஒவ்வொரு சதவீதம்: பார்வை, செவி, கைகால் இயக்கம், நான்காவதாக ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு. டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பில் எந்தப் பதவிக்கு எந்தப் பிரிவு பொருந்தும் என்று அட்டவணை இருக்கும். அதைப் பார்த்துவிட்டு எந்தத் தேர்வுக்குப் படிப்பது என்று முடிவு செய்யுங்கள். படித்து முடித்துப் பார்ப்பதில் பலனில்லை.

தனியாரில் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் சம வாய்ப்புக் கொள்கை வைத்திருக்க வேண்டும், அதற்கொரு தொடர்பு அலுவலரும் வேண்டும். நேர்காணல் அழைப்பு வந்ததும் அவரிடம் தேவையைச் சொல்லலாம். "பார்வை குறைவு" என்று நிறுத்தாமல், "திரையில் உருப்பெருக்கியும் 24 அங்குல மானிட்டரும் இருந்தால் எக்ஸெல் வேலை முழுதும் செய்வேன், எழுத்துத் தேர்வுக்கு மணிக்கு 20 நிமிடம் கூடுதல் வேண்டும்" என்று சொல்ல வேண்டும். குறையை மட்டும் சொன்னால் எதிரில் இருப்பவர் பயப்படுவார். என்ன வேண்டும் என்று சொன்னால் விலை விசாரிப்பார்.

டிகிரி வேண்டாம், தொழில் போதும் என்பவர்கள் சென்னை கிண்டியில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையத்தைப் பாருங்கள். என்ன வேலை ஒத்துவரும் என்று மதிப்பிட்டுப் பயிற்சிக்கு அனுப்புவார்கள்.

அறிவுசார் குறைபாடுள்ள மகனுக்காகக் கேட்ட ஐயாவுக்கு: மெழுகுவர்த்தி, காகிதப் பை என்று பயிற்சி மையத்திலேயே வருடக்கணக்கில் வைத்திருப்பதைவிட, பழக்கமான கடையில் தினம் இரண்டு மணி நேரம் உண்மையான வேலையில் விட்டுப் பாருங்கள். வேலையைச் சிறு சிறு படியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு போட்டோ ஒட்டுங்கள். முதல் மாதம் பக்கத்தில் ஆள் இருக்கட்டும், பிறகு படிப்படியாக விலகட்டும். பெரும்பாலும் வேலை போவது வேலை தெரியாததால் அல்ல. பஸ் மாறி வருவதும் தாமதமானால் போன் செய்து சொல்வதும் பழகாததால்தான். அவற்றைப் பதினைந்து வயதிலேயே தொடங்குங்கள்.

2025 ஜூன் 24

அக்காவின் மகளுக்கு பி.காம். இடம் கிடைத்துவிட்டது. முதல் வாரத்தில் செய்ய வேண்டியது ஒரு கடிதம். முதல்வருக்கு, நகல் துறைத் தலைவருக்கும் சம வாய்ப்புப் பிரிவுக்கும். மகளே எழுதட்டும், அவளே கையில் கொடுக்கட்டும், நீங்கள் வெளியே நில்லுங்கள்.

நான்கே விஷயம்: யு.டி.ஐ.டி. எண். உள்மதிப்பீட்டுத் தேர்வுக்கும் செமஸ்டர் தேர்வுக்கும் எழுதுபவர், கூடுதல் நேரம். பாடக்குறிப்புகள் யூனிகோடு வேர்டு கோப்பாக. முதல் வரிசை இருக்கை. கூடவே பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ உத்தரவுகளின் நகலும் மருத்துவர் கடிதமும். பலர் செமஸ்டருக்கு மட்டும் கேட்டுவிட்டு உள்மதிப்பீட்டை மறந்து அங்கே மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளட்டும். தேர்வுக் கட்டணம் கட்டும்போது அந்த முத்திரையிட்ட பிரதியின் நகலைத் தேர்வுப் பிரிவில் மறுபடி கொடுக்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்குப் போய் அனுமதி திரும்ப வரச் சில வாரம் ஆகும். ஹால் டிக்கெட் வந்த பிறகு கேட்டால் அந்த செமஸ்டருக்குக் கிடைக்காது.